1950 அசாம்–திபெத் பூகம்பம்: குலுங்குனது சில நிமிஷம், ஆறு அத சுமந்தது அம்பது வருஷம்

1950 ஆகஸ்ட் 15, ராத்திரி 7 மணி 39 நிமிஷம். சுதந்திரம் வாங்கி மூணு வருஷம் முடிஞ்ச நாள். அசாமோட வடகிழக்கு மூலையையும் தாண்டி, லோஹித் ஆறு திபெத்லருந்து எறங்கி வர்ற வழியில ரிமான்னு ஒரு சின்ன ஊர், அதுக்கு பக்கத்துல பூமி ஒடஞ்சுது. அளவு 8.6. கருவி வெச்சு பூகம்பத்த பதிவு பண்ண ஆரம்பிச்சதுலருந்து இன்னிக்கு வரைக்கும் கண்டத்துக்குள்ள நடந்த பூகம்பத்துலயே இதுதான் ரொம்ப பெருசு. இதவிட பெருசுன்னு நமக்கு தெரிஞ்ச சிலி, அலாஸ்கா, சுமத்ரா, ஜப்பான் எல்லாமே கடல் ஓரமா, கடலுக்கு அடியில இருக்கிற பிளேட், அதாவது பூமி மேலோட்டோட பெரிய துண்டு, இன்னொரு பிளேட்டுக்கு அடியில சொருகுற எடத்துல வந்தது.

நம்ம எல்லையிலயே நடந்த விஷயம், ஆனா யார கேட்டாலும் தெரியாது. லாத்தூர் தெரியும், புஜ் தெரியும். லாத்தூர் 1993ல வந்தது, அளவு 6.2, கிட்டத்தட்ட 10,000 பேர் போனாங்க. 1950ல வெளிப்பட்ட சக்தி லாத்தூர விட சுமார் 4,000 மடங்கு, ஆனா அசாம் பக்கம் செத்தவங்க கணக்கு 1,526, திபெத் பக்கத்தையும் சேத்தா சுமார் 4,800. இந்த ரெண்டு கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்தா, பெரிய பூகம்பம்தான் ஆனா ஆள் இல்லாத காடு, தப்பிச்சோம்னு முடிச்சிடத்தான் தோணும், நெறைய பேர் அப்படித்தான் முடிச்சும் வெச்சிருக்காங்க. அது தப்புங்கிறதுதான் நான் இத இவ்ளோ நீளமா எழுத காரணம். ஒதுக்குப்புறமான மலையில பெரிய பூகம்பம் வந்தா அதோட சேதம் அந்த எடத்துலயே அந்த நாளோட முடியாது, ஆத்துல எறங்கி மெதுவா கீழ வரும், வருஷக்கணக்குல வரும், அப்படி வர்றப்ப அதுக்கு பூகம்பம்னு யாரும் பேர் வெக்க மாட்டாங்க, வெள்ளம்னும் கரை அரிப்புன்னும் சொல்லிடுவாங்க.

எடம் எப்படிப்பட்டது

முதல்ல அந்த மூலைய கொஞ்சம் புரிஞ்சுக்கணும். இமயமலை மேற்குலருந்து கெழக்கா ஓடி வந்து நம்சா பர்வாங்கிற 7,782 மீட்டர் சிகரத்துக்கிட்ட திடீர்ன்னு தெக்கு பக்கமா மடங்குது. திபெத்ல யார்லுங் சாங்போன்னு ஓடுற ஆறு அந்த சிகரத்த சுத்தி வளைஞ்சு பயங்கரமான பள்ளத்தாக்குல விழுந்து சியாங்னு பேர் மாறி கீழ வருது, பாசிகாட்ங்கிற ஊர தாண்டி சமவெளிக்கு வந்த அப்பறம் திபாங்கும் லோஹித்தும் வந்து சேந்துக்குது, அங்கருந்துதான் அது பிரம்மபுத்திரா. இன்னும் கொஞ்சம் கீழ வடக்கு பக்கத்துலருந்து சுபன்சிரி வந்து சேரும். இந்த நாலு ஆத்து பேரையும் மனசுல வெச்சுக்கோங்க, மத்த கதை பூரா இதுலதான் நடக்குது.

இந்திய பிளேட் வருஷத்துக்கு சில சென்டிமீட்டர் வடக்க நகந்து ஆசியாவ முட்டிக்கிட்டே இருக்கு. மத்த எடத்துல ஒரே பக்கமா முட்டுறது, இந்த மூலையில மட்டும் வடக்குலயும் கெழக்குலயும் ரெண்டு பக்கமும் மலையால மடிஞ்சு சிக்கிக்கிட்டு இருக்கு. பல நூறு வருஷமா நகர முடியாம சேந்த இறுக்கம் மொத்தமா ஒரே நேரத்துல விடுபட்டதுதான் அந்த 8.6.

அப்போ அருணாச்சல பிரதேசம்னு ஒரு மாநிலம் கெடையாது. மிஷ்மி மலை, அபோர் மலைன்னு எல்லைப்புற பகுதியா, சதியாங்கிற ஊர்ல இருந்த அதிகாரிகள் மூலமா நிர்வாகம் நடந்துச்சு. மலை மேல மிஷ்மி, ஆதி மக்கள், அந்தப் பக்கம் திபெத்தியர்கள். ரோடு கெடையாது, ஆத்து ஓரமா ஒத்தையடி பாதை, கயித்துப் பாலம், அவ்ளோதான். ஊருக்கு ஊர் நாள் கணக்குல நடக்கணும்.

பக்கத்துலயே இருந்தவங்க சொன்னது

பூகம்பம் மையம் கொண்ட எடத்துக்கு அவ்ளோ கிட்ட இருந்து உயிரோட வந்து அத அறிவியல் முறையில எழுதி வெச்சவர் ஃபிராங்க் கிங்டன்-வார்ட். இங்கிலாந்து தாவரவியலாளர், செடி தேடி அந்த மலையிலயே வாழ்க்கையில பாதிய கழிச்சவர். அன்னிக்கு அவரும் அவர் மனைவி ஜீனும் ரிமா பக்கத்துல லோஹித் கரையில கூடாரம் போட்டிருந்தாங்க. குலுக்கல் ஆரம்பிச்சதும் வெளிய ஓடுனாங்க, நிக்க முடியல, கீழ விழுந்து தரையிலயே படுத்துட்டாங்க. கீழருந்து ஏதோ ஒண்ணு முரசு அடிக்கிற வேகத்துல விடாம முட்டிக்கிட்டே இருந்ததா அவர் எழுதியிருக்கார். சுத்தி இருந்த மலை எல்லாம் இருட்டுல சரியுற சத்தம், தூசி. மறுநாள் பாத்தா காடு மூடியிருந்த மலைச்சரிவெல்லாம் தோல் உரிஞ்சு வெறும் பாறையா நிக்குது, ஆறு சேத்துக் குழம்பா மரத்த அடிச்சுக்கிட்டு ஓடுது, பள்ளத்தாக்கு பூரா தூசி மூட்டம் நாள் கணக்குல கலையல.

குலுக்கல் அடங்குன அப்பறம் ஒரு விஷயம் நடந்துச்சு. வானத்துல உயரத்துலருந்து பீரங்கி வெடிக்கிற சத்தம் ஒண்ணு மாத்தி ஒண்ணா கேட்டிருக்கு. இது அவங்களுக்கு மட்டும் இல்ல, அசாம்லயும் பர்மாவோட வட பகுதியிலயும் கேட்டிருக்கு. நானூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்துல லாசாவுல, நார்புலிங்கா அரண்மனையில இருந்த தலாய் லாமாவும் கேட்டிருக்கார், அப்போ அவருக்கு 15 வயசு. முப்பது நாப்பது வெடி சத்தம் வரிசையா கேட்டதா அவர் பின்னாடி தன்னோட சுயசரிதையில சொல்லியிருக்கார். திபெத் மக்கள் இத கெட்ட சகுனமா எடுத்துக்கிட்டாங்க. அந்த வருஷம் அக்டோபர்லயே சீன ராணுவம் கெழக்கு திபெத்ல இருக்கிற சாம்டோவுக்குள்ள நொழஞ்சுது, அதனால திபெத்தியர் மனசுல இந்த பூகம்பமும் அந்த படையெடுப்பும் ஒரே நெனவா ஒட்டிக்கிச்சு.

கிங்டன்-வார்ட் குழு திரும்பி வர பாதையே இல்ல. பாதை இருந்த சரிவே கீழ போயிடுச்சு. தட்டுத்தடுமாறி எல்லை தாண்டி வாலோங்ல இருந்த அசாம் ரைபிள்ஸ் போஸ்ட்ட அடைஞ்சு, அங்கருந்து கீழ எறங்குனாங்க. ஒரு வெள்ளக்கார ஆராய்ச்சியாளர் அங்க இருந்ததால அவர் பட்ட பாடு உலகத்துக்கு தெரிஞ்சுது. அதே ராத்திரி அதே மலையில இருந்த மிஷ்மி குடும்பங்களோட அனுபவத்த அப்போ யாரும் உக்காந்து எழுதல, எனக்கு இதுல பெரிய வருத்தம் உண்டு.

8.6ன்னா என்ன

அளவு பத்தி பேசுறப்ப நெறைய பேர் குழம்புற எடம் இது, அதனால கொஞ்சம் நின்னு சொல்லிடுறேன். அளவுல ஒண்ணு கூடுனா சீஸ்மோகிராஃப்ல பதிவாகுற அலையோட உயரம் பத்து மடங்கு ஆகும், வெளிய வர்ற சக்தி சுமார் 32 மடங்கு ஆகும். ரெண்டு கூடுனா சக்தி ஆயிரம் மடங்கு. 2001ல புஜ்ல வந்தது 7.7, 1950 அதவிட 0.9தான் கூட, கேக்க சின்ன வித்தியாசமா இருக்கும், ஆனா சக்தில இருபது மடங்குக்கு மேல.

இன்னொண்ணு, எல்லாரும் ரிக்டர்ன்னு சொல்றோம், ஆனா ரிக்டர் 1935ல போட்ட கணக்கு கலிஃபோர்னியாவுல பக்கத்துல வர்ற நடுத்தர பூகம்பத்துக்கானது, ரொம்ப பெருசா போனா அது ஒரு அளவுக்கு மேல ஏறாம நின்னுடும். 1950 பூகம்பத்துக்கு குடென்பெர்க்ங்கிற ஆராய்ச்சியாளரும் ரிக்டரும் மேற்பரப்பு அலைய வெச்சு 8.6ன்னு கணக்கு போட்டாங்க. அப்பறம் 1977ல ஹிரூ கனமோரிங்கிற ஆராய்ச்சியாளர் ஒடஞ்ச பாறையோட பரப்பு, நகந்த தூரம் இதையெல்லாம் உள்ள கொண்டு வர்ற புது முறையில பழைய பெரிய பூகம்பங்கள திரும்ப கணக்கு போட்டப்பவும் 8.6தான் வந்துச்சு. சில புது ஆய்வுல 8.7ன்னும் போடுறாங்க.

எவ்ளோ தூரம் போச்சுங்கிறதுக்கு ஒரு சாட்சி சொல்றேன். நார்வேயில ஃபியோர்டுகள்லயும் (கடல் உள்ள நொழஞ்ச குறுகலான பள்ளத்தாக்கு) ஏரிகள்லயும், இங்கிலாந்துல சில நீர்த்தேக்கத்துலயும் அன்னிக்கு தண்ணி தானா முன்னும் பின்னும் ஆடுச்சு. ஆறாயிரம் கிலோமீட்டருக்கும் மேல தள்ளி. ஆண்டர்ஸ் க்வாலேங்கிற நார்வே ஆராய்ச்சியாளர் 1955ல இத விவரமா எழுதுனார், பூகம்ப அலையால ஏரித்தண்ணி ஆடுறதுக்கு தனியா ஒரு பேரே அறிவியல்ல வந்தது இந்த நிகழ்வ வெச்சுத்தான்.

ஆனா இந்த எண்ணு எதெல்லாம் சொல்லாதுன்னும் பாக்கணும். எந்த மலை எறங்கும், எந்த ஆறு அடைபடும், மண்ணு எவ்ளோ ஈரமா இருந்துச்சு, வீடு எதால கட்டுனது, இது எதுவுமே அந்த எண்ணுக்குள்ள இல்ல. அது ஒடஞ்ச பாறையோட அளவு மட்டும்தான்.

சமவெளியில நடந்தது

மேல் அசாம், அதாவது திப்ருகார், நார்த் லக்கிம்பூர், சிப்சாகர், ஜோர்ஹாட் பக்கம் எல்லாம் குலுக்கல் பல நிமிஷம் நீடிச்சுது. பிரம்மபுத்திரா சமவெளி முழுக்க ஆறு கொண்டு வந்து போட்ட மணலும் வண்டலும்தான், ஆகஸ்ட் மாசம் வேற, மழை காலம், மண்ணு நெறைய தண்ணி. அந்த ஈர மணல் ரொம்ப நேரம் குலுங்குனா உறுதி போயி குழம்பாயிடும். தரை பிளந்து பிளவுலருந்து மணலும் தண்ணியும் பீறிட்டு வந்துச்சு, வயல்ல மணல் மூடிச்சு, ரயில் தண்டவாளம் வளஞ்சுது, ரோடு வெடிச்சுது, பாலம் எறங்குச்சு. கொல்கத்தாவுல கூட ஜனங்க பயந்து வெளிய வந்தாங்க. சொத்து சேதத்துல 1897ல வந்த ஷில்லாங் பூகம்பத்தையே இது மிஞ்சிடுச்சுன்னு அப்போ கணக்கு போட்டாங்க.

அப்படி இருந்தும் வீடு இடிஞ்சு செத்தவங்க கம்மி. இதுக்கு காரணம் ஆள் கொறச்சல்ங்கிறது மட்டும் இல்ல. 1897 பூகம்பத்துல ஷில்லாங்ல கல்லு கட்டடம் எல்லாம் தரைமட்டமாச்சு, அதுல பட்ட அடியில அசாம்ல வீடு கட்டுற முறையே மாறுச்சு. மரச்சட்டம் போட்டு, நடுவுல இக்ராங்கிற நாணல வெச்சு மேல சாந்து பூசி, தகரம் போட்ட லேசான கூரை. அசாம் டைப் வீடுன்னே அதுக்கு பேர். குலுங்குனா வளையும், ஆடும், விரிசல் விடும், ஆனா ஆள் மேல பாரமா விழாது. மிஷிங் மக்களோட சாங் கர், மூங்கில் கால் மேல நிக்கிற வீடு, அது வெள்ளத்துக்காக வந்தது, பூகம்பத்துலயும் தாங்குச்சு. லாத்தூர்ல மண்ணு வெச்சு அடுக்குன கனமான கல்லு சொவரு தூங்கிட்டு இருந்தவங்க மேல விழுந்துதான் 6.2க்கே அவ்ளோ பேர் போனாங்க. 1897ல பட்ட அடி 1950ல அசாம்ல ஆயிரக்கணக்கான உயிர காப்பாத்துச்சுன்னு நான் தயங்காம சொல்லுவேன்.

அரசாங்கத்துக்கும் அது ரொம்ப சோதனையான நேரம். முதலமைச்சர் கோபிநாத் போர்டோலோய் ஆகஸ்ட் 5ஆம் தேதிதான் இறந்திருந்தார், பிஷ்ணுராம் மேதி பதவிக்கு வந்து ஒரு வாரம் கூட ஆகல. ரோடும் ரயிலும் போன எடத்துக்கு விமானத்துலருந்துதான் சாப்பாடு போட வேண்டி இருந்துச்சு. அதுவும் விமானம் எட்டுன எடத்துக்கு மட்டும்.

மலை எறங்குனது

இனிமே சொல்றதுதான் இந்த நிகழ்வோட உள்ளடக்கம்னு நான் நெனக்கிறேன். மழை ஊறுன செங்குத்து மலை, அதுல பல நிமிஷம் குலுக்கல். ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் பரப்புல மலைச்சரிவு கழண்டு ஆத்துல விழுந்துச்சு. எவ்ளோ மண்ணும் பாறையும்னு அப்போ போட்ட ஒரு கணக்கு 5,000 கோடி கன மீட்டர்ன்னு சொல்லுது. அந்த காலத்துல கையில இருந்தத வெச்சு போட்ட தோராய கணக்குதான் அது, ஆனா அதுல பத்துல ஒரு பங்குதான்னு வெச்சாலும் பயங்கரமான அளவு.

அபோர் மலையில மட்டும் 70 கிராமம் அழிஞ்சுது, நிலச்சரிவுல 156 பேர் போனாங்க. திபெத் பக்கம் மெடோக்ல யேதோங்ங்கிற கிராமம் அப்படியே சறுக்கி யார்லுங் சாங்போவுக்குள்ள போயிடுச்சு. திபெத் பக்கத்து சாவு 3,300ன்னு ஒரு கணக்கு இருக்கு. அந்த நாட்டுல அப்போ மக்கள்தொகை கணக்கெடுப்பும் கெடையாது, ரெண்டு மாசத்துல யுத்தமும் வந்துடுச்சு, அந்த எண்ண எவ்ளோ நம்பலாம்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

சரிவு ஆத்துல குறுக்க விழுந்தா அணையா நின்னுடும். தண்ணி பின்னாடி ஏரியா தேங்கும், கீழ ஆறு வத்தும். கீழ இருக்கிறவங்களுக்கு மழை காலத்துல ஆறு வத்துறது பாக்க நல்லதா தெரியலாம், ஆனா அதவிட மோசமான அறிகுறி வேற கெடையாது. மேல ஏறிக்கிட்டே இருக்கிற தண்ணிய தாங்குறது வெறும் குப்பை மண்ணும் மரமும் பாறையும்தான், யாரும் கட்டுன அணை இல்ல, ஒரு எடத்துல வழிய ஆரம்பிச்சுதுன்னா அந்த வழிசலே அத அறுத்து மொத்தமா ஒடச்சிடும்.

திபாங்ல நின்ன ஒரு அணை பெரிய சேதம் இல்லாம ஒடஞ்சுது. சுபன்சிரியில நின்னது எட்டு நாள் தாங்குச்சு. எட்டாவது நாள் ஒடஞ்சப்ப 7 மீட்டர் உயர அலை சமவெளிக்கு வந்து பல கிராமத்த மூழ்கடிச்சுது, 532 பேர் செத்தாங்க. அசாம் பக்கத்து மொத்த சாவு 1,526ன்னு மேல சொன்னேன், அதோட ஒப்பிட்டா இது மூணுல ஒரு பங்கு அளவு. பூகம்பத்துல தப்பிச்சு, வீட்ட சரி பண்ணிட்டு, பின்னதிர்வுக்கு பயந்து வெளிய படுத்து எந்திரிச்சு, ஒரு வாரம் ஓடி ஒருவழியா மூச்சு விட்ட ஜனங்க அவங்க. மேல ஆறு அடைச்சு நிக்குதுன்னு அவங்களுக்கு எட்டு நாள்ல சேதி சொல்ல அன்னிக்கு எந்த ஏற்பாடும் கெடையாது, சாட்டிலைட் கெடையாது, மேல போயி பாக்க பாதையும் கெடையாது. ஒதுக்குப்புறம்ங்கிறதோட அர்த்தம் எனக்கு இங்கதான் புரியுது. ஆள் இல்லாத எடம்ங்கிறது சின்ன விஷயம், அங்க நடக்குறது கீழ இருக்கிறவங்களுக்கு தெரிய வராதுங்கிறதுதான் உயிர வாங்குது.

ஆறு நெறம் மாறி, கந்தக வாடை அடிச்சு, மீன் செத்து மிதந்ததாவும் அப்போ பதிவு இருக்கு. அசாம்ல டீ தோட்டத்துல வேல பாத்த ஈ.பி. ஜீங்கிற இயற்கை ஆர்வலர் காட்டுயிர்களுக்கும் மீன்களுக்கும் ஆனத தொகுத்து எழுதியிருக்கார்.

ஆறு சுமந்தது

அவ்ளோ மண்ணு மலைலயே கெடக்குமா. ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமா எறங்குச்சு. திப்ருகார்கிட்ட பிரம்மபுத்திரா படுகை சுமார் 3 மீட்டர் ஒசந்துடுச்சு. படுகை ஏறுனா அதே அளவு தண்ணிக்கே ஆறு கரை தாண்டும், ஆழம் கொறைஞ்சதால பக்கவாட்டுல கரைய அரிக்கும். 1950க்கு அப்பறம் நாலஞ்சு வருஷத்துல திப்ருகார் டவுனோட பெரிய பகுதி ஆத்துக்குள்ள போச்சு, 1954ல அரிப்பு உச்சத்துக்கு போயி, அப்பறம் அவசர அவசரமா கல்லும் கரையும் போட்டு மிச்ச ஊர காப்பாத்துனாங்க. இன்னிக்கும் திப்ருகார்ல ஆறு ஒசரத்துலயும் ஊர் பள்ளத்துலயும் இருக்கிற நெலமை, நல்ல மழை பேஞ்சா ஊருக்குள்ள தண்ணி வடியாம நிக்கிறது எல்லாத்துக்கும் வேர் அங்கதான் இருக்கு.

சதியா கதை இன்னும் கொடுமை. நிர்வாகம், கடைத்தெரு, பள்ளிக்கூடம்னு வாழ்ந்த ஊர் அது, பூபேன் ஹசாரிகா 1926ல பொறந்த ஊர். பூகம்பத்துக்கு அப்பறம் ஆறுங்க தடம் மாறி பழைய சதியா கொஞ்ச கொஞ்சமா தண்ணியில போச்சு. மலை நிர்வாகத்த 1952ல தேஜுவுக்கு மாத்துனாங்க, மக்கள் சாபாகோவா பக்கமும் மத்த எடத்துக்கும் போனாங்க. மிஷிங் குடும்பங்க நெறைய நிலம் மொத்தமா போயி வேற எடத்துல போயி உக்காந்தாங்க, அங்கயும் சில வருஷத்துல ஆறு வந்துச்சு, திரும்ப எடம் மாறுனாங்க. நிலம் ஆத்துக்குள்ள போனா பட்டா வெச்சிருந்து என்ன பிரயோஜனம், தலைமுறை தலைமுறையா நிலமில்லாதவங்களா ஆயிட்டாங்க. 2017ல சதியாவுக்கு 9.15 கிலோமீட்டர் நீள பாலம் திறந்து அதுக்கு ஹசாரிகா பேரையே வெச்சாங்க, அது வரைக்கும் மழை காலத்துல அந்த மக்களுக்கு படகுதான் கதி.

இன்னும் கீழ மாஜுலி தீவு. இருவதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல 1,200 சதுர கிலோமீட்டருக்கு மேல இருந்தது இப்போ அதுல பாதி கூட இல்ல, 1950க்கு அப்பறம்தான் அரிப்பு வேகம் புடிச்சுது. அதையும் தாண்டி வங்கதேசத்துல இந்த ஆறு ஜமுனான்னு ஓடுது. அங்க ஆய்வு பண்ணவங்க சொல்றது, மெல்லிசான வண்டல் சீக்கிரம் கடலுக்கு போயிடுச்சு, கனமான மணல் மட்டும் மெதுவா நகந்து நகந்து கடல போயி சேர ஏறக்கொறைய அரை நூற்றாண்டு ஆச்சு, அது கடந்து போன காலத்துல ஜமுனா அகலமாகி கரைய தின்னுச்சு. அதாவது 1980கள்ல அங்க நிலம் பறிகொடுத்த ஒரு விவசாயிக்கு வந்த கெடுதலோட ஒரு நுனி ரிமா மலைச்சரிவுல இருந்திருக்கு. இவர எந்த பூகம்ப கணக்குலயும் யாரும் சேக்கல. சேக்க முடியாதுதான், ஆனா 1,526, 4,800ன்னு எண்ணு போட்டு மூடிடுறப்ப இவங்க எல்லாம் வெளிய நிக்கிறாங்கங்கிறது நெனவுல இருக்கணும்.

ஏன் இவ்ளோ நாள் புரியாமலே இருந்துச்சு

இந்திய அறிவியலாளர்கள் அப்போவே நல்ல வேல பண்ணாங்க, எம்.பி. ராமச்சந்திர ராவ் தொகுத்த ஆய்வு கட்டுரை தொகுப்பு 1953லயே வந்துடுச்சு. ஆனா எந்த ஃபால்ட், அதாவது பூமிக்குள்ள பாறை நகருற எந்த பிளவு, ஒடஞ்சுதுங்கிற கேள்வி மட்டும் பல பத்தாண்டு தீரல. உலகம் முழுக்க ஒரே தரத்துல சீஸ்மோகிராஃப் வலைப்பின்னல் வந்ததே 1960கள்ல, அதுவும் அணுகுண்டு சோதனைய கண்காணிக்கிறதுக்காக. 1950 பதிவு அங்கங்க வேற வேற கருவியில இருந்ததால, 1974ல ஒரு குழு பாறை பக்கவாட்டுல நகந்துச்சுன்னு சொல்லுச்சு, 1977ல இன்னொரு குழு இல்ல இல்ல ஒண்ணு மேல ஒண்ணு ஏறுச்சுன்னு சொல்லுச்சு.

நேர்ல போயி பாத்தா தெரிஞ்சுடுமேன்னு கேக்கலாம். போக விடல. வடக்க 1950 அக்டோபர்ல சீனா வந்துடுச்சு, தெக்க 1962 யுத்தம், வாலோங்லயே பெரிய சண்டை நடந்துச்சு, அப்பறம் ரெண்டு பக்கமும் ராணுவ பகுதி. கடைசியில 2020 வாக்குலதான் மலையடிவார மண்ணுல தெளிவான தடயத்தோட ஆய்வு வந்துச்சு. அருணாச்சல்ல வாக்ரோகிட்ட ஆத்து மேட்டு நிலம் ஒடஞ்சு ஒரு பக்கம் 7 மீட்டருக்கு மேல ஒசந்து நிக்குது, பாசிகாட்கிட்ட ரெண்டரை மீட்டர் அளவு. ஒரே ராத்திரியில நிலம் ரெண்டு மாடி ஒசரத்துக்கு எழும்பியிருக்கு. ஒண்ணுக்கு மேற்பட்ட ஃபால்ட் அந்த மலை மடிப்ப சுத்தி சேந்து ஒடஞ்சுதுங்கிறதுதான் இப்போ வலுவா இருக்கிற கருத்து. பாறை ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற வகைன்னா அது இமயமலை பூராவுக்கும் பொருந்துற எச்சரிக்கை, இங்க வந்த அளவு மத்த எடத்துலயும் வரலாம்.

இப்போ அந்த ஆறுங்க மேல

அதே சுபன்சிரியில 2,000 மெகாவாட் அணை. அதே திபாங்ல 278 மீட்டர் உயரத்துக்கு 2,880 மெகாவாட் அணை கட்டுற திட்டம். அந்தப் பக்கம் மெடோக்ல உலகத்துலயே பெரிய நீர்மின் திட்டத்துக்கு சீனா 2024 டிசம்பர்ல அனுமதி குடுத்துச்சு. மின்சாரம் வேணாம்னு நான் சொல்ல வரல. அணை குலுக்கல தாங்குமான்னு ஒரு கேள்வி வெச்சு, தாங்கும்னு பொறியாளர்கள் பதில் சொல்றதோட விவாதம் முடியுதே, அதுதான் கவலை. 1950ல சுபன்சிரியில ஆள கொன்னது குலுக்கல் இல்ல, எட்டு நாள் கழிச்சு வந்த தண்ணி. மேல இயற்கையா ஒரு அணை நின்னு ஒடஞ்சு அந்த அலை வந்து கட்டுன அணைய முட்டுனா என்ன ஆகும், நீர்த்தேக்கத்துக்குள்ளயே மலை சரிஞ்சா என்ன ஆகும், படுகை மூணு மீட்டர் ஏறுற அளவு மண்ணு வந்தா நீர்த்தேக்கம் எத்தன வருஷம் தாக்குப்பிடிக்கும், இந்த மூணுக்கும் வெளிப்படையா பதில் வரணும்.

இது எப்போவோ நடந்த கதைன்னு நெனச்சா 2000ஆவது வருஷத்த பாருங்க. ஏப்ரல் 9 திபெத்ல யிகோங் ஆத்துல பெரிய நிலச்சரிவு, பூகம்பமே இல்லாம. அணை ரெண்டு மாசம் நின்னு ஜூன் 10 ஒடஞ்சுது, வெள்ளம் சியாங் வழியா அருணாச்சலுக்குள்ள வந்து பாலங்கள அடிச்சு, பாசிகாட் பக்கம் வரைக்கும் சேதம், முப்பது பேர் கிட்ட போனாங்க. மேல ஏரி பெருசாகிட்டு இருந்தது சாட்டிலைட்ல ரெண்டு மாசமா தெரிஞ்ச விஷயம், கீழ இருந்தவங்களுக்கு சேதி போகல. அதுக்கப்பறம் 2002ல இந்தியாவும் சீனாவும் பிரம்மபுத்திரா நீர்மட்ட தகவல பகிர்ந்துக்க ஒப்பந்தம் போட்டாங்க. மழை கால நீர்மட்டம் மட்டும் போதாது, மேல ஆறு எங்க அடைபட்டாலும் அன்னிக்கே கீழ சொல்லணும், இது அரசியல் சண்டைக்குள்ள மாட்டக்கூடாத விஷயம்.

கட்டட விஷயத்துலயும் பழசு மறந்து போச்சு. இந்தியாவோட பூகம்ப வரைபடத்துல வடகிழக்கு ரொம்ப காலமா அதிக ஆபத்தான அஞ்சாவது மண்டலம், ஆனா அசாம் டைப் வீட்ட இடிச்சுட்டு ஆத்து வண்டல் மேல கான்கிரீட் மாடி மேல மாடியா குவஹாத்தியிலயும் திப்ருகார்லயும் எழும்பிக்கிட்டு இருக்கு. கான்கிரீட் வீடு கூடாதுன்னு இல்ல, விதிப்படி கம்பி போட்டு மண்ணு பரிசோதன பண்ணி கட்டுனா நிக்கும், அப்படி எத்தன கட்டுறாங்கங்கிறதுதான் விஷயம். 1950 அளவுல இன்னொண்ணு வந்தா இந்த தடவ வீடு இடிஞ்சு சாகுற கணக்கு கம்மியா இருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது.

1950ல பத்து வயசு பையனா பொண்ணா இருந்தவங்களுக்கு இன்னிக்கு எம்பத்தஞ்ச தாண்டிடுச்சு. எந்த மலை எந்த பக்கம் எறங்குச்சு, எந்த ஓடை அடைபட்டு எத்தன நாள் நின்னுச்சு, தண்ணி எந்த மேடு வரைக்கும் ஏறுச்சுன்னு மிஷ்மி, ஆதி, மிஷிங் ஊர்கள்ல வாய்வழியா இருக்கிற விவரம் எந்த கருவியிலயும் பதிவாகல. அங்க இருக்கிற காலேஜ் பசங்க ஒரு ஃபோன்ல ரெக்கார்டர போட்டு ஊர் ஊரா போயி அவங்கவங்க மொழியிலயே அத பதிவு பண்ணி வெச்சா, நிலச்சரிவு வரைபடம் போடுற விஞ்ஞானிக்கு அதவிட பெரிய உதவி கெடையாது, அதுக்கு இன்னும் கொஞ்ச வருஷம்தான் நேரம் இருக்கு.